ஆவுளியாவின் வால்

என் வீட்டுக்காரர் இலங்கைச் சிறையிலிருந்து திரும்பி வந்து பல மாதம் கழித்து, யாரும் கேட்காமல் தானாக வாய் திறந்து பேசிய முதல் பேச்சு ஒரு வாலைப் பற்றியது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். கூடத்தில் பழைய வலையைப் பரப்பிப் போட்டுக்கொண்டு நானும் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நடுவில் ஒரு ஆவுளியா கிடந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடல் பசு என்று போட்டிருப்பார்களே, அதுதான். எங்கள் கட்டுமாவடிக் கரையில் ஆவுளியா என்போம். இது நிஜ ஆவுளியா இல்லை. பழைய கைலித் துணியில் உடம்பு தைத்து, உள்ளே தேங்காய் நார் அடைத்து, மேலே கிழிந்த வலையைத் தோலாகப் போர்த்தியது. நான்கு வயசுப் பிள்ளை உயரம் இருக்கும். நான் வாலைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுசன் எப்போது திரும்பினார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"வாலு அப்பிடி இருக்காது" என்றார்.

நூரு அக்காவின் கையில் கத்தரிக்கோல் வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டது. எனக்கு ஊசி விரலில் ஏறியது. வலிக்கவில்லை. வலித்திருக்கும், நான் கவனிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் போன வாரம் வரை நான் எழுதியதை வாசித்துவிட்டு நூரு அக்கா சண்டைக்கு வந்தார். "என்னயப் பத்தி எழுதுறதா இருந்தா நான் ஒல்லியா இருக்கேன்னு எழுது" என்று உத்தரவு. நூரு அக்கா ஒல்லியாக இருப்பார். எழுதிவிட்டேன்.

புளி தூக்கல்

எங்கள் வீட்டில் பேச்சுக்கு நான்தான். அவர் அளந்து பேசுகிறவர். ஆனால் குறை சொல்ல மட்டும் வாய் வரும். குழம்பு வைத்தால் முதல் உருண்டையிலேயே "புளி தூக்கலா இருக்கு" என்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஒரே குற்றச்சாட்டு. நானும் புளியைக் குறைத்ததில்லை.

அவருக்குச் சொந்தமாக ஒரு பைபர் படகு உண்டு. கரையை ஒட்டிப் போய் வலை போட்டு, விடிந்து கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவார். கரைக்கடலில் மீன் இல்லாத ஒரு பருவத்தில், ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு ஒன்றில் கூலியாளாகப் போனார். அந்தப் படகைத்தான் இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லை தாண்டினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள், தாண்டவில்லை என்று இவர்கள் சொன்னார்கள். கடலில் கோடு போட்டா வைத்திருக்கிறது என்று நான் கேட்டேன். என் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த ஆபீஸிலும் ஆள் இல்லை.

ஆபீஸ் என்றால் அத்தனை ஆபீஸ். மீன்வளத்துறை, படகுக்காரர்கள் சங்கம், புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸ். மனு கொடுக்கிற திங்கட்கிழமை தவறாமல் பஸ் ஏறினேன். பல நாள் நூரு அக்கா கூட வந்தார். அவர் மகன் வளைகுடாவில் இருக்கிறான், வீட்டில் தனியாள். "நீ பேசு, நான் பக்கத்துல நிக்கிறேன். ரெண்டு பேரா நின்னா ஒக்காரச் சொல்லுவாங்க" என்பார். அப்படி உட்காரச் சொன்னவர்களும் உண்டு.

ஒருவழியாக விட்டார்கள். பிளேனில் சென்னைக்கு, அங்கிருந்து வேனில் ஊருக்கு. நான் இன்னும் பிளேன் ஏறியதில்லை. அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று பேச்சை மனசில் தயாராக வைத்திருந்தேன். வேனிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்ததும் அந்தப் பேச்சு போன இடம் தெரியவில்லை.

வந்தார், குளித்தார், சுவர் ஓரமாகப் படுத்தார். அதுதான் அதற்குப் பிறகு அவருடைய இடம். கேட்டால் "ம்". இரண்டாம் முறை கேட்டால் அதுவும் இல்லை. கரைப் பக்கமே போகவில்லை. தென்னை மரத்தடியில் கவிழ்த்துப் போட்ட எங்கள் படகுக்கு அடியில் ஒரு நாய் குட்டி போட்டு, அந்தக் குட்டிகள் வளர்ந்து தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டன. இவர் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே குழம்பில் புளியை அள்ளிக் கரைத்து ஊற்றினேன். எனக்கே பல் கூசியது. அவர் தட்டைக் காலி பண்ணிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அடுப்படியில் உட்கார்ந்து அன்றைக்குத்தான் அழுதேன். அவர் உள்ளே இருந்த காலத்தில்கூட அப்படி அழுததில்லை. ஆள் வந்துவிட்டார், மனுசன் வரவில்லை. இப்படியே சுவரைப் பார்த்தபடி ஆயுசு போய்விடுமோ என்று பயந்தேன்.

பூனை தின்ற ஆமை

இந்த வலைப் பொம்மை வேலைக்கு நாங்கள் வந்ததே சாந்தி மேடத்தால்தான். புதுக்கோட்டையில் வீட்டு அலங்காரப் பொருள் கடை வைத்திருக்கிறார். கரையில் கிழிந்த வலைகள் மலையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "இதைக் கடல்ல போடாதீங்க, கொளுத்தாதீங்க. அழிஞ்சுக்கிட்டு வர்ற கடல் சீவனுங்க உருவத்துல வீட்டுக்கு எதாச்சும் செஞ்சு குடுங்க. நான் விக்கிறேன்" என்றார். நூரு அக்காவுக்குத் தையல் தெரியும். எனக்கு வலை முடியத் தெரியும். ஆமை உருவத்தில் மெத்தை, கடல் குதிரை உருவத்தில் திரைச்சீலை கட்டுகிற கயிறு, கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்க வயிற்றில் மணல் நிரப்பிய குட்டி ஆவுளியா என்று ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலில் அனுப்பிய ஆமைகளை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். வலையை அலசி வெயிலில் காயப்போட்டுத்தான் தைத்தோம். கருவாட்டு வாடை போய்விட்டது என்று நூரு அக்கா முகர்ந்து பார்த்துச் சொன்னார், நானும் முகர்ந்து பார்த்துச் சொன்னேன். கட்டுமாவடியில் பிறந்த இரண்டு மூக்குகள் சொன்னால் அது எப்படிக் கணக்காகும்? மறுவாரம் மேடம் போன் பண்ணினார். "ஒங்க ஆமையப் பூனை இழுத்துக்கிட்டுப் போயிருச்சுங்க. தலையக் காணோம்." அதிலிருந்து வேப்பிலைத் தண்ணீரிலும் எலுமிச்சைத் தோலிலும் மாறி மாறி ஊறவைத்து, மூக்குக்கு உள்ளூர் ஆளை நம்பாமல், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற வெளியூர்க்காரர்களிடம் நீட்டி முகரச் சொல்வோம். ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், ஆனாலும் முகர்ந்து சொல்வார்கள்.

இன்னொரு சங்கதி கண். நூரு அக்கா உடம்பு தைப்பார், துடுப்பு தைப்பார், வாய்கூட வைப்பார். கண் வைக்க மாட்டார். "உருவத்தச் செஞ்சு கண்ணும் வச்சா, நாளைக்கு மறுமையில அதுக்கு உசுரக் குடுன்னு கேப்பாங்க. நான் எங்கிட்டுப் போயி வாங்குறது?" என்பார். எங்கள் பக்கமோ சாமி சிலைக்கே கடைசியில் கண் திறப்பதைத்தான் விசேஷமாகச் செய்வார்கள். ஆகவே கண் என் பொறுப்பு. அவர் வீட்டில் முடிந்தவை எல்லாம் கண்ணில்லாமல் கிடக்கும். என் வீட்டுக்கு வந்துதான் உலகத்தைப் பார்க்கும். நான் கொட்டாங்குச்சிப் பொத்தானில் பெரிய பெரிய கண்ணாக வைப்பேன். வாங்குகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று மேடம் சொன்னார்.

இந்தப் பெரிய ஆவுளியா, மேடம் கட்டிய புது வீட்டுக்கு. ஹாலில் சோபாவுக்கு மேலே சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் அன்றைக்கு நான் வால் தைத்துக்கொண்டிருந்தேன்.

கத்தி பட்ட வலை

"வேற எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன். அதிகமாகக் கேட்டால் திரும்பிப் படுத்துவிடுவாரோ என்று பயம்.

"நீ மீனு வால வச்சிருக்க. செங்குத்தா நிக்குது. அதுக்குப் படுக்கவாட்டுல இருக்கும்" என்று உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். "மேலயும் கீழயுமா அடிக்கும்."

"ஏன் தம்பி அப்பிடி?" என்றார் நூரு அக்கா.

"மூச்சு விட மேல வரணும்ல."

நான் கடலுக்குப் போனவள் இல்லை. ஆவுளியாவை முழுசாகக் கண்ணால் பார்த்தவளும் இல்லை. போஸ்டரில் பக்கவாட்டில் கிடந்ததை ஒரு தரம் பார்த்ததுதான். கடல் சீவன் என்றால் மீன் வால்தானே என்று நானாக முடிவு பண்ணியிருந்தேன். அதற்கு முன்னால் செய்த குட்டிகள் எல்லாம் இன்றைக்கும் யார் யார் வீட்டுக் கதவிலோ மீன் வாலோடு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். இருக்கட்டும்.

அவர் எழுந்து வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தார். என் கையிலிருந்து வாலை வாங்கித் தையலைப் பிரித்தார். அப்போதுதான் அந்த வலை அவர் கைக்குள் போனது. கொஞ்ச நேரம் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இது எங்க கெடந்துச்சு?"

"பரண்ல" என்றேன்.

அந்த வலைக்கு ஒரு கதை உண்டு. அவர் பிடிபடுவதற்கு ரொம்ப முன்னால், புது வலையைக் கொண்டுபோன ஒரு நாள், நடுவில் ஆள் நுழைகிற ஓட்டையோடு திரும்பி வந்தார். "பாறையில மாட்டிக்கிச்சு" என்றார். வாய் வலிக்கத் திட்டினேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, புது வலை அது. ஆனால் பாறையில் கிழிந்ததற்கும் கத்தியில் அறுத்ததற்கும் வித்தியாசம் தெரியாமலா நான் மீனவன் பொண்டாட்டியாக இருக்கிறேன்? கத்தி பட்ட நூல் நேராக நின்றது. மீன் தேடித் தூரமாகப் போன இடத்தில் இலங்கை ரோந்துப் படகு துரத்தி, வலையை அறுத்துப் போட்டுவிட்டுத் தப்பித்து வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டு அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால், மறுநாள் அவரை எப்படிக் கடலுக்கு அனுப்புவது? சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

"பாறை இல்ல மதி" என்றார் இப்போது. "ஆவுளியாக் கன்னு."

வாலைப் பிரித்துக்கொண்டே சொன்னார். வலையை இழுத்தபோது கனத்ததாம். மரக்கட்டை என்று நினைத்தாராம். பார்த்தால் கன்று. வலை சுற்றிக்கொண்டு மேலே வர முடியாமல் கிடந்திருக்கிறது. பக்கத்திலேயே தாய். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தலையைத் தூக்கி மூச்சு விட்டுவிட்டுப் போகிறதாம்.

"புஸ்ஸு புஸ்ஸுன்னு என் காதுக்குப் பக்கத்துல மூச்சு விடுது. அது பாட்டுக்குப் போயிருக்கலாம்ல. போகல. சுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் அறுத்து விட்டுட்டேன்."

"அன்னக்கே சொல்றதுக்கென்ன?"

"நீ விட்டாத்தான?" என்றார்.

நூரு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். இத்தனை வருசம் அந்த ஓட்டையில் நான் ஒரு துப்பாக்கியையும் ரோந்துப் படகையும் வைத்துக்கொண்டு பயந்திருக்கிறேன். இருந்தது ஒரு கன்று.

மூங்கில் சிம்பு இரண்டை வளைத்து வாலுக்கு உள்ளே கொடுத்து, படுக்கவாட்டில் அகலமாக விரித்துக் கட்டினார். வலை ஊசி அவர் கையில் பழையபடி ஓடியது. கண்ணுக்கு நான் கொட்டாங்குச்சிப் பொத்தானை எடுத்தேன்.

"அம்புட்டுப் பெருசு இல்ல. பொடிக் கண்ணு" என்றார்.

பொடியாகக் கறுப்பில் எதுவும் என்னிடம் இல்லை. நூரு அக்கா எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஒரு டப்பாவோடு வந்தார். கழுத்தில் போட்டிருக்கிற கருகமணியைப் புதுசாகக் கோத்தபோது மிஞ்சிய மணிகள். இரண்டை எடுத்து என் வீட்டுக்காரர் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வைக்க மாட்டேன் தம்பி. குடுக்குறதுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கண்ணை இவரே வைத்தார். அது எங்களைப் பார்த்தது.

பஸ்ஸில் ஒரு ஆவுளியா

வால் சரியாகிவிட்டது, வேறொரு வம்பு வந்தது. அகலமாகப் படுத்த வாலோடு அதைச் சுவரில் ஒட்டி மாட்ட முடியாது.

"சுவத்துல ஏன் மாட்டணும்? அது என்ன பல்லியா?" என்றார் அவர். "மேல இருந்து தொங்க விடணும். நீந்துற மாதிரி."

மேடத்துக்குப் போன் பண்ணினேன். அவர் குரல் இழுத்தது. "சுவத்துக்குன்னுதானே கேட்டேன்? சரி, கொண்டு வாங்க. பொருந்துதான்னு பாப்போம்." அவர் வேண்டாம் என்றால் இன்னொன்று செய்துகொள்ளலாம், அது பெரிசில்லை. வேண்டாம் என்கிற வார்த்தையைக் கேட்டு இந்த மனுசன் மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால்? பழைய மீன் வாலையே திரும்ப வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன்.

கிளம்புகிற அன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வாரேன். நீங்க தப்பா மாட்டிருவீங்க." நூரு அக்கா என்னைப் பார்த்தார். "எனக்கு முட்டி வலி, நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். முந்தின நாள் வரைக்கும் அந்த முட்டியில் வலி இல்லை.

ஆவுளியாவைக் கைலியில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு பேர் மடியிலும் கிடத்திக்கொண்டோம். அறந்தாங்கியில் பஸ் மாறி உட்கார்ந்ததும், முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க இது, பன்னிக்குட்டியா?"

நான் பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "ஆவுளியாங்க. கடல்ல இருக்கு."

"மீனா?"

"மீனு இல்லங்க. கன்னு போட்டுப் பால் குடுக்கும். புல்லுதான் திங்கும், கடலுக்கு அடியில புல்லு இருக்குங்க. ரொம்பக் கொறஞ்சு போச்சு இப்ப."

அந்த அம்மா கேட்கக் கேட்க இவர் சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டர் வந்து லக்கேஜா பொம்மையா என்று குழம்பி நின்று, அவரும் கொஞ்ச நேரம் கதை கேட்டுவிட்டுப் போனார். திருவரங்குளத்தில் அந்த அம்மா இறங்கும்போது ஆவுளியாவின் தலையைத் தடவிவிட்டு, "வாரேன்டா" என்று அதனிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

இதே ரோட்டில்தான் மனுவைப் பையில் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை திங்கட்கிழமையாகப் போய் வந்தேன். அப்போதெல்லாம் பக்கத்துச் சீட்டில் யார் இருந்தாலும் விடாமல் பேசுவேன். அன்றைக்குப் பேச்சை இவரிடம் விட்டுவிட்டேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். காற்றில் கண்ணில் தூசி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன், அதுதான் உண்மை.

ஊஞ்சல் கொக்கி

மேடம் வீட்டு ஹாலில் ஊஞ்சலுக்கென்று கூரையில் போட்ட கொக்கிகள் இரண்டு சும்மா இருந்தன. இவர் கேட்டு ஸ்டூலை வாங்கி, முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு கொடுத்து, தலை கொஞ்சம் மேல் நோக்கி இருக்கிற மாதிரி தூக்கிக் கட்டினார். மேடம் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார்.

மேடம் ஃபேனைப் போட்டார். ஆவுளியா லேசாக ஆடியது. வாலின் நிழல் சுவரில் மேலும் கீழும் போய் வந்தது.

"இங்கயே இருக்கட்டும்" என்றார் மேடம். "ஊஞ்சல் யாரு ஆடப் போறா?" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணோம். மனுசன் ஹால் தரையில் மல்லாக்கப் படுத்திருக்கிறார்.

"ஏங்க, என்ன இது. எந்திரிங்க."

"இங்கிட்டு வா. படுத்துப் பாரு. கடலுக்கு அடியில இருந்து பாக்குற மாதிரியே இருக்கு."

அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். டம்ளர் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் படுத்தேன். புது டைல்ஸ், முதுகு சில்லென்று இருந்தது. மேலே எங்கள் பழைய கைலியும் பழைய வலையும் நீந்திக்கொண்டிருந்தன.

மேலே பார்த்தபடியே சொன்னார்.

"உள்ள இருக்கயில எனக்கு அந்த ஆவுளியா ஆத்தாக்காரி நெனப்புத்தான். எங்களுக்கு ஒரு சேதியும் வராது. ஆனா நீ வெளிய சுத்திக்கிட்டே இருப்பேன்னு தெரியும்."

கையை நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார்.

காப்பித் தட்டோடு மேடம் வந்து நின்றார். இரண்டு பேர் தன் வீட்டுத் தரையில் கை கோத்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லங்க மேடம்" என்று இவர் எழுந்து உட்கார்ந்தார். "படகு கவுந்தே கெடக்கு. ஊருக்குப் போனதும் நிமித்திப் போடணும். அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

படகைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மேடத்திடம் அவர் சொல்லும்போதுதான் நானே முதல் தடவையாகக் கேட்கிறேன்.